நெட் இருக்கிறது, டெலிகிராம் ஓடுகிறது, ஒரு வெப்சைட்டும் திறக்கவில்லை (டெஸ்க்டாப், விண்டோஸ் 10)

கரிசல்மண் | சனி, காலை 9.40

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் பழைய கேபிள்காரரின் இணைப்பை நிறுத்திவிட்டு வேறு ஒரு நிறுவனத்தின் ஃபைபருக்கு மாறினோம். ஆள் வந்தார், வெள்ளைப் பெட்டியைச் சுவரில் மாட்டினார், என் போனில் ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டினார், போய்விட்டார். போன்கள், டிவி எல்லாம் பிரமாதமாக ஓடுகின்றன. டெஸ்க்டாப்பில்தான் தகராறு.

லேன் கேபிள் அதே கேபிள்தான். பெட்டியில் பச்சை விளக்கு மினுக்குகிறது. அடாப்டரைத் திறந்து பார்த்தால் இணைக்கப்பட்டுள்ளது, 100 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது. மணிக்குப் பக்கத்தில் உலக உருண்டை படம் வேறு வந்திருக்கிறது, அப்படியென்றால் நெட் இருக்கிறது என்றுதானே பொருள்? டெலிகிராமில் செய்தி வருகிறது, போகிறது. ஆனால் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் எந்தப் பக்கமும் திறக்க மாட்டேன் என்கிறது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், "எங்கள் பக்கம் சிக்னல் சரியாக இருக்கிறது சார், உங்கள் சிஸ்டம்தான் பிரச்சினை" என்கிறார்கள். மின் கட்டணம், ரயில் டிக்கெட் எல்லாம் அப்பா இந்தக் கணினியில்தான் பார்ப்பார். போனில் எழுத்து தெரியவில்லை என்று காலையிலிருந்து ஒரே முணுமுணுப்பு. யாராவது வழி சொல்லுங்கள்.

திருப்புளி | சனி, காலை 9.58

தம்பி, முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்குங்கள். பெட்டியையும் சிபியுவையும் சேர்த்துத்தான். பத்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். முக்கால்வாசிக் கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் வின்சாக் ரீசெட் (நெட்வொர்க் அமைப்பை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் கட்டளை) அடியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபார்மட்தான், வேறு பேச்சே இல்லை. கடைக்கு வருகிற கேஸ்களில் பாதி அப்படித்தான் முடிகிறது.

மதுரைமல்லி | சனி, காலை 10.15

விண்டோஸ் 10 காலாவதியாகிவிட்டது தெரியாதா? 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் கையைக் கழுவிவிட்டது. அதனால்தான் இப்படி ஒவ்வொன்றாக நின்றுபோகிறது. 11-க்கு மாறுங்கள்.

கரிசல்மண் | சனி, காலை 10.50

திருப்புளி அண்ணே, சொன்னபடி எல்லாப் பிளக்கையும் பிடுங்கி மாட்டினேன். வின்சாக் ரீசெட்டும் அடித்து ரீஸ்டார்ட் செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை. ஃபார்மட் செய்ய வேண்டாம், அப்பாவின் கணக்குக் கோப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன.

பூட்டுசாவி | சனி, காலை 11.20

ஃபார்மட் பக்கமே போகாதீர்கள். மதுரைமல்லி சொன்ன தேதி சரி. ஆனால் ஆதரவு முடிந்தது என்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நிற்கும் என்றுதான் பொருள். அதனால் ஒரே நாளில் எல்லா வெப்சைட்டும் திறக்காமல் போகாது. இணைப்பை மாற்றிய பிறகுதான் இது ஆரம்பித்தது என்று அவரே சொல்கிறார். அங்கிருந்து பிடிக்க வேண்டும்.

முதலில் அந்த உலக உருண்டை. விண்டோஸ் 10-இல் அது வந்தால் பொருள் நேர்மாறு. "கம்பி இருக்கிறது, ஆனால் இணையத்தைத் தொட முடியவில்லை" என்று விண்டோஸ் சொல்கிறது. கணினி இணைந்த உடனே பின்னணியில் இரண்டு சோதனை செய்யும். மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரியிலிருந்து குட்டிக் கோப்பு ஒன்றை இறக்கிப் பார்க்கும். இன்னொரு பெயரைக் கொடுத்து அதற்கு 131.107.255.255 என்ற எண் பதிலாக வருகிறதா என்றும் பார்க்கும். இதில் தோற்றால் உருண்டை. அதாவது உங்கள் கணினி ஏற்கெனவே பாதி வாக்குமூலம் கொடுத்துவிட்டது.

அடுத்தது டெலிகிராம். இது நல்ல துப்பு. டெலிகிராமின் டெஸ்க்டாப் செயலிக்குத் தன் சர்வர்களின் எண் முகவரிகள் உள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கும். பெயரைச் சொல்லி எண்ணை விசாரிக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. பிரவுசருக்கு அது இல்லாமல் ஒரு அடி நகராது. ஆகவே எனக்குச் சந்தேகம், பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் மேல். ஆனால் சந்தேகத்தை வைத்து எதையும் மாற்ற வேண்டாம். இரண்டே இரண்டு தகவல் கொடுங்கள்.

குரோம் காட்டும் பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் ஆங்கில கேப்பிடல் எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதை எழுத்து பிசகாமல் எழுதுங்கள். அப்புறம் கறுப்புத் திரையை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து பிங் (ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) என்று அடித்து, இடைவெளி விட்டு கூகுளின் பொது டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8 அடியுங்கள். அது முடிந்ததும் அதே பிங், எண்ணுக்குப் பதில் விக்கிபீடியாவின் முகவரி. இரண்டுக்கும் என்ன வந்தது? (இங்கே தமிழில் எழுதுகிறேன், திரையில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.)

வல்லைவெளி | சனி, காலை 11.45

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறேன். எங்கட வீட்டிலும் போன வருசம் இதே மாதிரி ஒரு கூத்து. தங்கச்சி ஏதோ இலவச விபிஎன் ஒன்றைப் போட்டுப் பிறகு அழித்திருக்கிறாள். அது போகேக்க புரொக்ஸி (நெட்டுக்குப் போற வழியில நிக்கிற இடையாள்) செட்டிங்கை அப்படியே விட்டுட்டுப் போயிட்டுது. செட்டிங்ஸில் நெட்வொர்க், அதுக்குள்ள புரொக்ஸி எண்டு ஒரு பகுதி இருக்கு. அங்கே 127.0.0.1 எண்டு கிடந்தது. அதாவது கணினி தன்னிடமே வழி கேட்டுக்கொண்டு நிண்டது. அதை ஓஃப் பண்ணின உடனே எல்லாம் திறந்தது. அதையும் ஒருக்கா பாருங்கோ.

பூட்டுசாவி | சனி, நண்பகல் 12.05

வல்லைவெளி சொன்னதும் அடிக்கடி நடப்பதுதான். இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. புரொக்ஸி கோளாறு என்றால் பிங் எண்ணுக்கும் போகும், பெயருக்கும் போகும். பிரவுசர் மட்டும் முரண்டு பிடிக்கும், பிழை வரியிலேயே புரொக்ஸி என்ற சொல் இருக்கும். டிஎன்எஸ் கோளாறு என்றால் எண்ணுக்குப் போகும், பெயருக்குப் போகாது. அதனால்தான் இரண்டு பிங் கேட்டேன்.

கரிசல்மண் | சனி, மதியம் 1.10

பார்த்துவிட்டேன்.

8.8.8.8-க்கு நான்கு முறையும் ரிப்ளை வந்தது. நேரம் 14, 15 எம்எஸ் என்று காட்டியது.

விக்கிபீடியாவுக்கு அடித்தால் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்" என்று சொல்லிவிட்டது.

குரோமின் அடி வரி: டிஎன்எஸ் புரோப் ஃபினிஷ்ட் பேட் கான்ஃபிக். புரொக்ஸி பகுதியில் எல்லாம் ஆஃப்.

பூட்டுசாவி | சனி, மதியம் 1.35

அருமை. அந்தக் கடைசி இரண்டு சொல்தான் விஷயமே.

டிஎன்எஸ் சோதனை என்று தொடங்கும் பிழைகளில் சில வகை உண்டு. உங்கள் கணினி யாரிடம் விசாரிக்கிறதோ அந்த டிஎன்எஸ் சர்வரிடமும், கூகுளின் பொது சர்வரிடமும் குரோம் தானே தனித்தனியாகக் கேட்டுப் பார்க்கும். இரண்டிலும் பதில் இல்லை என்றால் "நோ இன்டர்நெட்" என்று முடியும். உங்களுடைய சர்வர் ஒழுங்காக இருந்து, கேட்ட பெயர்தான் உலகத்தில் இல்லை என்றால் "என்எக்ஸ் டொமைன்" என்று முடியும். கூகுளிடமிருந்து பதில் வருகிறது, உங்கள் கணினியில் குறித்து வைத்திருக்கும் சர்வர் மட்டும் வாயைத் திறக்கவில்லை என்றால்தான் "பேட் கான்ஃபிக்". ஆக நிறுவனத்தின் கம்பியில் கோளாறு இல்லை, விண்டோஸும் கெட்டுப்போகவில்லை. உங்கள் கணினி தப்பான ஆளிடம் வழி கேட்கிறது.

உறுதி செய்ய இன்னொன்று. கறுப்புத் திரையில் என்எஸ்லுக்அப் (பெயருக்கு எண் கேட்கும் கட்டளை), இடைவெளி, விக்கிபீடியா முகவரி. முதல் வரிகளில் சர்வர் என்று ஒரு எண் வரும், அது என்ன? அப்புறம் அதே கட்டளையின் கடைசியில் 8.8.8.8-ஐயும் சேர்த்து அடியுங்கள்.

திருப்புளி | சனி, மதியம் 1.50

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா? ஃப்ளஷ் டிஎன்எஸ் அடித்தால் போயிற்று.

பூட்டுசாவி | சனி, மதியம் 2.00

ஃப்ளஷ் செய்தால் கணினி ஏற்கெனவே ஞாபகம் வைத்திருக்கும் பதில்கள்தான் அழியும். இங்கே பதிலே வரவில்லை அண்ணே, அழிக்க என்ன இருக்கிறது? ஒரு குறிப்பிட்ட தளம் சர்வர் மாறிய பிறகும் பழைய இடத்துக்கே போகிறது என்றால் ஃப்ளஷ் உதவும்.

கரிசல்மண் | சனி, மாலை 4.25

முதல் கட்டளைக்கு "டைம்ட் அவுட்" என்று வரிசையாக வந்தது. சர்வர் எண் 192.168 என்றும் தொடங்கவில்லை, 8.8 என்றும் இல்லை, வேறு ஏதோ ஒரு எண். 8.8.8.8 சேர்த்து அடித்ததும் சட்டென்று பதில் வந்துவிட்டது.

நீங்கள் அடுத்து என்ன கேட்பீர்கள் என்று யூகித்து அடாப்டர் பிராப்பர்டீஸில் ஐபிவி4-ஐயும் திறந்து பார்த்தேன். எல்லாமே கையால் நிரப்பியிருக்கிறது. ஐபி (கணினியின் எண்) 192.168.1.10, கேட்வே (வெளியே போகும் வாசலான பெட்டியின் எண்) 192.168.1.1, அதற்குக் கீழே டிஎன்எஸ் கட்டங்களில் அந்தப் புது எண்ணும் அதன் தம்பி மாதிரி இன்னொரு எண்ணும். நாங்கள் யாரும் போடவில்லை. பழைய கேபிள்காரரின் ஆள் முதல்நாள் வந்து ஏதோ தட்டிவிட்டுப் போனது அப்பாவுக்கு நினைவிருக்கிறது.

பூட்டுசாவி | சனி, மாலை 4.50

ஆள் அகப்பட்டுவிட்டார். அந்த இரண்டும் பழைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களாகத்தான் இருக்கும். நிறுவனங்கள் பொதுவாகத் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்படி அவற்றைப் பூட்டி வைப்பார்கள். யார் கேட்டாலும் பதில் சொல்லும் டிஎன்எஸ் சர்வரை வைத்து அடுத்தவர் மீது போலிப் போக்குவரத்தைக் கொட்டித் தாக்க முடியும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு. நீங்கள் இணைப்பை மாற்றிய நிமிடமே அவர்களுக்கு வெளியாள் ஆகிவிட்டீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், புதுப் பெட்டியின் எண்ணும் 192.168.1.1 ஆக அமைந்ததுதான். பழைய ரவுட்டரும் அதே எண். அதனால் கையால் போட்ட ஐபியும் கேட்வேயும் தற்செயலாகப் பொருந்தி, பாதி வேலை செய்தது. புதுப் பெட்டி 192.168.0.1 என்று இருந்திருந்தால் டெலிகிராம்கூட ஓடியிருக்காது, நீங்களும் முதல் நாளே நேராக அங்கே போய்ப் பார்த்திருப்பீர்கள். போன்கள் எல்லாவற்றையும் பெட்டியிடமே கேட்டு வாங்கிக்கொள்வதால் அவற்றுக்குப் பிரச்சினை இல்லை.

இரண்டு பகுதியையும் "தானாகப் பெறு" என்று மாற்றுங்கள். மாற்றும் முன் இப்போதுள்ள எண்களைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கரிசல்மண் | சனி, மாலை 5.30

மாற்றினேன். உருண்டை போய் கணினிப் படம் வந்துவிட்டது! ஆனால் பக்கங்கள் இன்னும் திறக்கவில்லை. இப்போது வேறு மாதிரி பயமுறுத்துகிறது. சிவப்பு அடையாளம் போட்டு, "உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது" என்று வருகிறது. ஃபயர்ஃபாக்ஸில் "பாதுகாப்பான இணைப்பு இல்லை" என்று வேறு. வைரஸா?

திருப்புளி | சனி, மாலை 5.38

நான் அப்போதே சொன்னேன், ஃபார்மட்.

பூட்டுசாவி | சனி, மாலை 5.45

பிழை மாறியது நல்ல செய்தி. பெயருக்கு எண் கிடைத்துவிட்டது, அந்தச் சர்வரும் பேசுகிறது, தான் அசல்தான் என்பதற்கான சான்றிதழைக் காட்டுகிறது. அதைச் சரிபார்க்கும் கட்டத்தில்தான் இப்போது தகராறு. வலது மூலையில் என்ன தேதி காட்டுகிறது?

கரிசல்மண் | சனி, மாலை 5.52

01-01-2015!! காலையில் எழுதும்போதுகூட நேரம் சரியாகத்தான் இருந்தது.

பூட்டுசாவி | சனி, மாலை 6.15

காலையில் பிளக்கைப் பிடுங்கினீர்கள் அல்லவா? அதுதான் காரணம். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. அது எப்போதோ செத்திருக்க வேண்டும். ஆனால் ஷட்டவுன் செய்தாலும் பிளக்கும் சுவிட்சும் அப்படியே இருந்தால் பவர் சப்ளையிலிருந்து மெலிசாக ஒரு மின்சாரம் போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். கடிகாரம் அதில் ஓடும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? இருந்தால் கரண்ட் போனாலும் அது தெரியாமலே போயிருக்கும்.

ஒவ்வொரு தளத்தின் சான்றிதழிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். 2020 செப்டம்பரிலிருந்து வழங்கப்பட்ட சான்றிதழுக்கு 398 நாளுக்கு மேல் ஆயுள் இருந்தால் பிரவுசர்கள் ஏற்பதில்லை, பல தளங்கள் 90 நாள் சான்றிதழையே வைத்திருக்கின்றன. 2015-இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் ஒன்றுகூட இன்னும் பிறக்கவில்லை. எல்லாத் தளமும் போலி என்றுதான் பிரவுசருக்குத் தோன்றும்.

தேதியைக் கையால் திருத்துங்கள், அப்புறம் "இப்போது ஒத்திசை" பொத்தானை அழுத்துங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். தேதி வருடக்கணக்கில் தள்ளியிருந்தால் விண்டோஸின் தானியங்கித் திருத்தம் மறுத்துவிடுவது உண்டு.

அந்த எச்சரிக்கையைத் தாண்டி "பரவாயில்லை, உள்ளே போ" என்று மட்டும் அழுத்திப் பழகாதீர்கள். பேங்க் பக்கத்தில் அப்படிப் பழகினால் வம்பு.

கரிசல்மண் | சனி, மாலை 6.40

திறந்துவிட்டது! எல்லாம் திறக்கிறது. அப்பா மின் கட்டணப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார், இப்போது என்னை எழுப்பிவிட்டு அவர்தான் நாற்காலியில். பூட்டுசாவி, வல்லைவெளி, எல்லோருக்கும் நன்றி. இன்வெர்ட்டர் இருக்கிறது, நீங்கள் சொன்னது சரி. அந்தப் பேட்டரியை நானே மாற்றலாமா?

திருப்புளி | சனி, இரவு 7.05

தாராளமாக. இது என் ஏரியா. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். சிஆர் 2032 என்று கேளுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். 2025 என்று ஒன்றைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அது மெலிசு, பிடிமானத்தில் சரியாக உட்காராது. பழையது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம், பெரும்பாலும் கூட்டல் குறி மேலே. ஓரத்தில் ஒரு குட்டிக் கொக்கி இருக்கும், அதை நகத்தால் தள்ளினால் பேட்டரி துள்ளி வரும். நெம்பி எடுக்காதீர்கள், கொக்கி உடைந்தால் போர்டோடு போச்சு.

அதைவிட முக்கியமானது ஒன்று. மாற்றிய பிறகு பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) செட்டிங் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். மாற்றுவதற்கு முன்னால் பயாஸுக்குள் போய் ஹார்ட் டிஸ்க் எந்த மோடில் இருக்கிறது, ஏஹெச்சிஐயா ஐடிஇயா என்று குறித்து வையுங்கள். அது மாறிவிட்டால் விண்டோஸ் நீலத்திரை காட்டிப் படுத்துக்கொள்ளும். டிஸ்க் போய்விட்டது என்று பதறி நிறையப் பேர் கடைக்குத் தூக்கி வருவார்கள். மோடை மாற்றினால் எழுந்துவிடும். உங்களுக்குக் காலையில் ஒருமுறை கடிகாரம் அழிந்தும் விண்டோஸ் ஏறியிருக்கிறது, அதனால் ஆரம்ப நிலையும் உங்கள் நிலையும் ஒன்றாகத்தான் இருக்கும், பயம் இல்லை.

பிளக்கைப் பிடுங்கச் சொன்னது நான்தான் என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. இன்று தெரியாவிட்டால் இன்வெர்ட்டர் மக்கர் செய்கிற நாளில் தெரிந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

புறாக்கூடு | ஞாயிறு, காலை 8.20

தாமதமாகப் படித்தேன். முடிவு எனக்கு உடன்பாடில்லை. தானாகப் பெறு என்று விட்டால் புது நிறுவனத்தின் டிஎன்எஸ்தானே வரும்? எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் நிறுவனத்தின் டிஎன்எஸ் இழுபறிதான். 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுவிட்டால் நிம்மதி. கூகுள் 2009-இலிருந்து நடத்துகிறது, கிளவுட்ஃபிளேர் 2018-இலிருந்து. நான் வீட்டில் எல்லாக் கணினியிலும் அதைத்தான் கையால் போட்டு வைத்திருக்கிறேன்.

பூட்டுசாவி | ஞாயிறு, காலை 9.10

பொது டிஎன்எஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. கணினியில் கையால் போடாதீர்கள் என்கிறேன். வேண்டும் என்றால் ரவுட்டரில் ஒரே இடத்தில் போடுங்கள், வீடு முழுக்கப் போய்ச் சேரும், நாளைக்கு மாற்ற வேண்டும் என்றாலும் ஒரே இடம். கணினியில் போட்டது மறந்துபோகும். கரிசல்மண் வீட்டில் நடந்தது அதுதான், போட்டவர் யார் என்பதே வீட்டில் மறந்துவிட்டது. லேப்டாப்பில் கையால் போட்டு எடுத்துக்கொண்டு போனால் லாட்ஜ் வைஃபையில் லாகின் பக்கம் வராமல் நிற்பதும் இதனால்தான் பெரும்பாலும். அந்தப் பக்கத்தைக் காட்ட அவர்கள் தங்கள் டிஎன்எஸ் வழியாகத்தான் உங்களைத் திருப்ப முயல்வார்கள்.

கையால் போட்ட எண் எவ்வளவு நாள் மறைந்து கிடக்கும் என்பதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. டிஎன்எஸ் சேஞ்சர் என்ற வைரஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் 40 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் புகுந்து டிஎன்எஸ் எண்ணை மாற்றி வைத்தது. விளம்பரங்களைத் திருப்பிக் காசு பார்ப்பதுதான் நோக்கம். 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் ஆறு பேரைப் பிடித்தார்கள். ஆனால் அவர்களுடைய சர்வர்களை உடனே அணைத்தால் அத்தனை கணினிகளும் இப்படித்தான், கனெக்‌ஷன் இருந்தும் ஒரு பக்கமும் திறக்காமல் நிற்கும். அதனால் அமெரிக்காவில் நீதிமன்ற அனுமதி வாங்கி, அதே எண்களில் ஒழுங்கான சர்வர்களை மாதக்கணக்கில் ஓட்டினார்கள். 2012 ஜூலை 9-இல்தான் நிறுத்தினார்கள். அவ்வளவு அறிவிப்புக்குப் பிறகும் சரி செய்யாத கணினிகள் நிறைய மிச்சம் இருந்தன.

புறாக்கூடு | ஞாயிறு, காலை 9.45

ரவுட்டரில் போடச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் பல நிறுவனங்கள் தரும் பெட்டியில் அந்தப் பகுதியே பூட்டியிருக்கிறது. அவர்கள் என்ன செய்வது? எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் எந்தத் தளத்துக்குப் போகிறேன் என்பதை நிறுவனம் பதிந்து வைக்க வேண்டுமா?

பூட்டுசாவி | ஞாயிறு, காலை 10.30

பெட்டி பூட்டியிருந்தால் கணினியில்தான் போட வேண்டியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு சீட்டில் எழுதி சிபியு பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

தனியுரிமைக்காக என்றால் வெறும் 8.8.8.8 போட்டுப் பயனில்லை. சாதாரண டிஎன்எஸ் கேள்வி 53-ஆம் போர்ட்டில் திறந்த கடிதமாகத்தான் போகிறது, வழியில் இருப்பவர்கள் படிக்கலாம். குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ "பாதுகாப்பான டிஎன்எஸ்" என்பதை இயக்கினால் கேள்வி மற்ற வெப் போக்குவரத்தோடு சேர்ந்து மறைகுறியாகப் போகும். அப்போதும் நீங்கள் போகும் ஐபி எண் நிறுவனத்துக்குத் தெரியும். அந்த டிஎன்எஸ்ஸை நடத்துபவருக்குக் கேட்ட பெயர் தெரியும். நம்பிக்கையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் வைக்கிறீர்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை, உங்களுக்கு இருந்தால் தப்பும் இல்லை.

இதனால் ஒரு குழப்பமும் வரும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரவுசரில் இது இயங்கினால், கணினியின் டிஎன்எஸ் கெட்டிருந்தாலும் அந்தப் பிரவுசர் மட்டும் ஓடும். "ஃபயர்ஃபாக்ஸில் வருது, குரோமில் வரல" என்று வருகிற கேள்விகளில் சில இந்த வகை.

வல்லைவெளி | ஞாயிறு, காலை 11.00

ஹோஸ்ட்ஸ் ஃபைலை (கணினிக்குள்ளயே பேருக்கு எண் எழுதி வச்சிருக்கிற பட்டியல்) ஒருத்தரும் சொல்லேல்லையே? மாமாவின்ர பழைய கணினியில் ஒரு சில தளம் மட்டும் திறக்காது, மற்றதெல்லாம் வடிவா வரும். பார்த்தால் யாரோ திருட்டு மென்பொருளுக்காக அந்த ஃபைலுக்குள்ள வரிவரியாக எழுதி வச்சிருக்கினம்.

பூட்டுசாவி | ஞாயிறு, காலை 11.25

நல்ல ஞாபகம். எல்லாத் தளமும் போனால் டிஎன்எஸ், குறிப்பிட்ட சில மட்டும் போனால் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்க்க வேண்டும். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று உள்ளே போனால் இருக்கும். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைப்பதற்கு முன்னால் மொத்த வலையின் பெயர்ப் பட்டியலும் இப்படி ஒரே கோப்பில்தான் இருந்தது, எல்லோரும் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்து எச்சம் இன்றைக்கும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. அதில் உள்ளதைத்தான் விண்டோஸ் முதலில் நம்பும், டிஎன்எஸ்ஸை அப்புறம்தான் கேட்கும்.

கடலோரக்காற்று | ஞாயிறு, மாலை 3.15

என்னுடையதும் இதுதானா சொல்லுங்கள். தூத்துக்குடியில் புது ஃபைபர். கூகுள் திறக்கிறது, யூடியூப் ஓடுகிறது. ஆனால் சில அரசுத் தளங்களும் ஒரு பேங்க் தளமும் வெள்ளையாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, பிழைச் செய்தியே வரவில்லை. பெயருக்கு பிங் அடித்தால் எண் சரியாகத்தான் காட்டுகிறது. தேதியும் சரி.

பூட்டுசாவி | ஞாயிறு, மாலை 3.50

உங்களுடையது வேறு சாதி. பிழையே வராமல் பாதியில் தொங்கினால் எம்டியு (ஒரு தகவல் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) மேல் சந்தேகப்படலாம். சாதாரண ஈதர்நெட்டில் அந்த அளவு 1500 பைட். பெட்டியில் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணைகிற பிபிபிஓஇ வகை இணைப்பில் அதற்கே 8 பைட் போய்விடும், மிச்சம் 1492. "பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு" என்று வழியில் ஒரு தகவல் திரும்பி வர வேண்டும். எங்காவது ஒரு ஃபயர்வால் அந்தத் தகவலை முழுங்கிவிட்டால் சின்னப் பொட்டலங்கள் போகும், பெரியவை காணாமல் போகும். அதனால்தான் பிங் போகிறது, பக்கம் தொங்குகிறது.

சோதனை: பிங், அப்புறம் சின்னக் கோடு (-) போட்டு எஃப், இன்னொரு சின்னக் கோடு போட்டு எல், 1472, பிறகு 8.8.8.8. இது தோற்று, 1472-க்குப் பதில் 1464 போட்டால் போகிறது என்றால் அளவு 1492-தான் (தலைப்புப் பகுதிக்கு 28 பைட் கூட்டிக்கொள்ள வேண்டும்). பெட்டியின் 'வான்' (வெளி இணைப்பு) பகுதியில் எம்டியு 1500 என்று இருந்தால் 1492 ஆக்குங்கள்.

கடலோரக்காற்று | ஞாயிறு, இரவு 8.10

1464 போனது, 1472 போகவில்லை. பெட்டியில் 1500 என்று இருந்தது. 1492 ஆக்கிய பிறகு பேங்க் தளம் திறக்கிறது. ஒரு அரசுத் தளம் மட்டும் இன்னும் வரவில்லை.

திருப்புளி | ஞாயிறு, இரவு 8.20

அது போனிலும் வரவில்லையா பாருங்கள். போனிலும் வராவிட்டால் அந்தத் தளமே படுத்திருக்கும், அதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கடலோரக்காற்று | ஞாயிறு, இரவு 8.31

போனிலும் வரவில்லை. சரி, விட்டுவிட்டேன்.

எழுத்தாணி | திங்கள், காலை 7.45

பழைய மேக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி. தேதி சரியாக இருந்தும் பாதித் தளங்கள் சான்றிதழ் பிழை காட்டினால், யார் கொடுத்த சான்றிதழை நம்பலாம் என்று கணினிக்குள் இருக்கும் மூலச் சான்றிதழ் பட்டியல் பழசாகியிருக்கும். 2021 செப்டம்பர் 30-இல், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் இலவசச் சான்றிதழ் வாங்கிய தளங்கள் சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது எல் கேபிட்டன் என்ற பழைய மேக் பதிப்பை வைத்திருந்தவர்கள் நிறையப் பேர் இப்படி மாட்டினார்கள். ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருப்பதால் அதில் மட்டும் திறந்தது. என் தம்பி கணினி இன்னும் அப்படித்தான் ஓடுகிறது.

மஞ்சள்பை | திங்கள், இரவு 9.20

இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக் கணினியிலும் கையால் போட்டிருந்த எண்ணை எடுத்துத் தானாகப் பெறு என்று மாற்றினேன். நெட் நன்றாக ஓடுகிறது, ஆனால் பிரிண்டரிலிருந்து ஸ்கேன் செய்தால் கணினிக்கு வந்து சேரவில்லை. பழையபடி மாற்றிவிடட்டுமா?

பூட்டுசாவி | திங்கள், இரவு 9.55

வேண்டாம். பிரிண்டருக்குள் உங்கள் கணினியின் பழைய ஐபியை யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள், இப்போது கணினிக்கு வேறு எண் கிடைத்திருக்கும். ரவுட்டருக்குள் போய் முகவரி ஒதுக்கீடு என்ற பகுதியில் உங்கள் கணினிக்கு அதே பழைய எண்ணை ஒதுக்கிவிடுங்கள். கணினி தானாகப் பெறு என்றே இருக்கும், ரவுட்டர் எப்போதும் அதே எண்ணைக் கொடுக்கும். பழைய எண் நினைவில்லை என்றால் பிரிண்டரின் ஸ்கேன் முகவரிப் பட்டியலிலேயே இருக்கும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.